மலாயாப் பல்கலைக்கழக வளாகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூஎம் என்று நாம் சொல்லும் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்து வரும் பிள்ளைகள், மூட்டை முடிச்சோடு அவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோர், பத்துமலைக்கு வந்த கையோடு இங்கேயும் எட்டிப் பார்க்கும் தமிழ்நாட்டு நண்பர்கள் என்று எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் இந்திய ஆய்வியல் துறையில் படித்தவன், அந்தப் பக்கச் சாய்வு இருக்கத்தான் செய்யும். கட்டடக் கலை தெரிந்தவர் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்.

பல்கலைக்கழகம் தொடங்கியது எப்போது? ஒருவர் 1905 என்கிறார், ஒருவர் 1949 என்கிறார், இன்னொருவர் 1962 என்கிறார்.

மூன்றுக்கும் ஆதாரம் உண்டு. 1905இல் சிங்கப்பூரில் 23 மாணவர்களோடு ஒரு மருத்துவப் பள்ளி திறந்தார்கள். அதுதான் பிறகு ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரி ஆனது. 1928இல் கலை, அறிவியல் பாடங்களுக்காக ராஃபிள்ஸ் கல்லூரி வந்தது. இரண்டையும் இணைத்து 1949 அக்டோபர் 8ஆம் தேதி மலாயாப் பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்தார்கள். அப்போது அது முழுக்க முழுக்கச் சிங்கப்பூரில்தான் இருந்தது. முன்னாள் பிரதமர் மகாதீர் மருத்துவம் படித்ததும் அங்கேதான்.

1957இல் மலாயா சுதந்திரம் அடைந்த பிறகு, நாட்டின் பல்கலைக்கழகம் தலைநகரில் இருக்க வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது. 1959 ஜனவரியில் பல்கலைக்கழகத்தைச் சிங்கப்பூர்ப் பிரிவு, கோலாலம்பூர்ப் பிரிவு என்று இரண்டாக்கினார்கள். 1962 ஜனவரி 1ஆம் தேதி இரண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் ஆயின. சிங்கப்பூரில் இருந்தது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஆனது, 'மலாயா' என்ற பெயர் கோலாலம்பூரிடம் வந்தது.

இன்றைக்கு சிங்கப்பூர்க்காரர்களும் 1905 எங்கள் ஆண்டு என்பார்கள், நாமும் அதையே சொல்வோம். ஒரு வீட்டில் பிறந்து பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி இருவரும் தாத்தா பெயரை வைத்துக்கொள்வதில்லையா, அப்படித்தான் இதுவும்.

கோலாலம்பூரில் ஏன் இந்த இடம்? முன்பு இங்கே என்ன இருந்தது?

லெம்பா பந்தாய் எனப்படும் பந்தாய்ப் பள்ளத்தாக்கு இது. ஒரு பக்கம் கோலாலம்பூர், மறுபக்கம் அப்போதுதான் உருவாகி வந்த பெட்டாலிங் ஜெயா. சுமார் 750 ஏக்கர். நகரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு பெரிய நிலம் இன்றைக்குக் கிடைக்குமா? நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

இந்த வட்டாரமெங்கும் அப்போது ரப்பர்த் தோட்டங்கள். பக்கத்துப் பங்சாரும் ஒரு காலத்தில் தோட்டம்தான். வளாகத்துக்குள் இருக்கும் தாவரவியல் பூங்காவும் பழைய பால்மரக் காட்டில்தான் அமைந்தது. நம்மில் பலருடைய தாத்தா பாட்டி விடியுமுன் எழுந்து மரம் சீவப் போனவர்கள் என்பதால், முதல் முறை அந்தப் பக்கம் நடக்கும்போது மனசு கொஞ்சம் கனக்கும். அந்த மண்ணில் இப்போது பேரப்பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு கூடுதல் தகவல்: தேசியப் பல்கலைக்கழகமான யூகேஎம் இப்போது பாங்கியில் இருந்தாலும், 1970இல் அது தொடங்கியது இதே வட்டாரத்தில், ஜாலான் பந்தாய் பாருவில்தான்.

டிடிசி, டிடிசி என்கிறார்களே, அது என்ன?

டேவான் துங்கு சான்சலர் என்ற பேரரங்கம். நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான்தான் கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தர், 1962இல் பதவியேற்றார். அவரை நினைத்து வைத்த பெயர் இது. 1966இல் கட்டி முடித்தார்கள். சுமார் 3000 பேர் உட்காரலாம். வடிவமைத்தவர் பூட்டி எட்வர்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் கிங்டன் லூ.

முதலில் பார்க்கும் பலர், குறிப்பாக ஊரிலிருந்து வரும் பெற்றோர், "பூசாமலேயே விட்டுட்டாங்களா?" என்றுதான் கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. கான்கிரீட்டை அச்சிலிருந்து எடுத்த கோலத்திலேயே, மேல்பூச்சு எதுவும் இல்லாமல் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த பாணி அது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே சண்டிகரில் கட்டியவற்றைப் படத்தில் பார்த்தவர்களுக்கு உறவு புரிந்துவிடும். சும்மா அழகுக்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை. முகப்பில் குறுக்கும் நெடுக்குமாக நிற்கும் கான்கிரீட் தடுப்புகளைக் கவனியுங்கள். மத்தியான வெயில் நேராக உள்ளே விழாது, வெளிச்சமும் காற்றும் மட்டும் வரும். மழைக்காலச் சாயங்காலத்தில் சுவர் நனைந்து கறுத்து நிற்கும்போது பார்த்தால் எனக்கு இது நாட்டின் மிக அழகான கட்டடங்களில் ஒன்று. வெயிலில் பார்த்தால் அப்படித் தோன்றாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பட்டமளிப்பு, பரீட்சை, கச்சேரி, நாடகம், அரசியல்வாதிகளின் உரை என்று எல்லாமே இங்கே நடந்திருக்கின்றன. பக்கத்திலேயே பரிசோதனை அரங்கம் இருக்கிறது. மலேசிய நாடக உலகில் பேர் வாங்கிய கிருஷன் ஜித் இந்தப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர்தான்.

அது எரிந்துவிட்டது என்று சொல்கிறார்களே?

ஆமாம். 2001 ஜூன் 29 அதிகாலை பற்றிய தீ அரங்கின் உட்புறத்தை அழித்தது. காரணம் பற்றி அப்போது பலவிதமான பேச்சு அடிபட்டது, நாட்டின் அரசியல் சூடும் அப்படி. கான்கிரீட் கூடு தாக்குப்பிடித்தது. உள்ளே புதிதாகச் செய்து மீண்டும் திறந்தார்கள். நீங்கள் இன்றைக்கு வெளியே பார்ப்பது 1966, உள்ளே உட்காருவது அதற்குப் பின்.

சரி, தமிழுக்கு இந்த வளாகத்தில் என்ன இடம்?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன், அதனால் பதில் நீளும்.

இந்திய ஆய்வியல் துறை 1956இல், பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தபோது தொடங்கியது. தொடங்கும் முன்பே ஒரு பெரிய சர்ச்சை. துறையை எப்படி அமைக்கலாம் என்று ஆலோசனை சொல்ல, சோழர் வரலாற்றுக்குப் பெயர்போன பேராசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியை அழைத்திருந்தார்கள். அவர் சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரும்படி பரிந்துரைத்தார். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர், அதிலும் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள். அவர்கள் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் அவர்கள் மொழிக்கு முதலிடம் இல்லையா என்று கொதித்துப் போனார்கள்.

கொதிப்பை வேலையாக மாற்றியவர் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி. 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டும் இயக்கத்தைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர். பெரிய முதலாளிகளிடம் காசோலை வாங்கி வேலையை முடித்திருக்கலாம், அப்படிச் செய்யவில்லை. தோட்டத்து லயன் வீடுகளிலிருந்தும், துறைமுகத் தொழிலாளிகளிடமிருந்தும், சின்னக் கடைக்காரர்களிடமிருந்தும் அந்த ஒரு வெள்ளி வந்தது. அன்றைய தொழிலாளிக்கு ஒரு வெள்ளி என்பது வீட்டுச் சாமான் வாங்க வைத்திருந்த காசு. தன் பிள்ளை அந்தப் பல்கலைக்கழகத்தில் கால் வைக்கும் என்ற எதிர்பார்ப்புகூட அவர்களில் பலருக்கு இருந்திருக்காது.

கடைசியில் துறையில் தமிழ் நிலைத்தது. திரண்ட பணம் நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகங்கள் வாங்கப் பயன்பட்டது. 1959இல் துறை கோலாலம்பூருக்கு வந்தது.

எனவே வளாகத்தில் பார்க்க வேண்டிய முதல் இடம் எது என்று கேட்டால், டிடிசியைவிடவும் ஏரியைவிடவும் முன்னால் நூலகத்தின் தமிழ் அலமாரிகளைத்தான் சொல்வேன். பழுப்பேறிய தாள், ஓரத்தில் பூச்சி அரித்த அட்டை, தடித்த நூலகக் கட்டு, உள்ளே முத்திரை. சங்க இலக்கியப் பழம் பதிப்புகளுக்குப் பக்கத்தில் நம் நாட்டுக் கவிஞர்களின் மெலிந்த தொகுப்புகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். இதற்கெல்லாம் ஒரு பெயர்ப் பலகை வைத்தால் என்ன என்று எனக்கு நெடுநாளாக ஓர் ஆதங்கம்.

தனிநாயகம் அடிகள் இங்கேயா வேலை பார்த்தார்?

இங்கேதான். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913இல் பிறந்த கத்தோலிக்கக் குரு அவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவர், பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்தவர். தமிழைப் பற்றி ஆங்கிலத்தில் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆய்விதழை 1952இல் தொடங்கி நடத்தியவர். 1961இல் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்க வந்து 1969 வரை இருந்தார்.

வெளிநாட்டு அறிஞர்கள் தமிழை ஆராய்கிறார்கள், நாமும் ஆராய்கிறோம், ஆனால் ஒருவர் செய்வது ஒருவருக்குத் தெரிவதில்லை என்பது அவருடைய கவலை. 1964இல் டெல்லியில் நடந்த கீழ்த்திசை அறிஞர்கள் மாநாட்டுக்கு வந்திருந்தவர்களைப் பிடித்து உட்காரவைத்து, வ.அய். சுப்பிரமணியம் முதலானவர்களோடு சேர்ந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை அமைத்தார். அந்த மன்றத்தின் முதல் மாநாட்டைத்தான் 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடத்தினார். துங்கு திறந்துவைத்தார். அன்றைய தமிழக முதல்வர் எம். பக்தவத்சலம் வந்திருந்தார்.

இதைத் தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்களிடம் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். உலகத் தமிழ் மாநாடு என்றதும் அவர்களுக்கு 1968ஆம் ஆண்டுச் சென்னை மாநாடும், கடற்கரைச் சிலைகளும், அண்ணாவும்தான் நினைவுக்கு வருவார்கள். அது இரண்டாவது மாநாடு. முதலாவது இங்கே. அதுவும் ஊர்வலமும் அலங்கார வண்டிகளும் பெரிதாக இல்லாத, ஆராய்ச்சிக் கட்டுரைகளை நடுவில் வைத்த மாநாடு. அப்புறம் 1987இலும் 2015இலும் மாநாடு கோலாலம்பூருக்குத் திரும்பி வந்தது. முதல் மாநாட்டின் அளவான அடக்கம் எனக்குப் பிடித்தது. பின்னாட்களில் கூட்டம் பெருகப் பெருக ஆய்வு மெலிந்தது என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் உண்டு.

அடிகளார் காலத்திலும் அதற்குப் பின்னும் துறையில் பெரிய ஆட்கள் இருந்தார்கள். கடல் வணிக வரலாற்றை எழுதிய சின்னப்பா அரசரத்தினம் இந்தப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். தென்கிழக்காசியாவில் இராமாயணம் எப்படியெல்லாம் உருமாறியது என்று ஆராய்ந்த ச. சிங்காரவேலு இங்கே பேராசிரியர். சிறுகதை பற்றி எழுதிய இரா. தண்டாயுதம் தமிழ்நாட்டிலிருந்து வந்து கற்பித்ததோடு நில்லாமல், உள்ளூர் எழுத்தாளர்களைப் படித்து விமர்சித்து ஊக்கினார்.

பேரவைக் கதைகள் என்றால் என்ன?

பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை மாணவர்கள் நடத்தும் சிறுகதைப் போட்டியும் அதிலிருந்து வரும் தொகுப்பும். 1980களில் தொடங்கியது. மாணவர்களுக்கு ஒரு பிரிவு, பொதுமக்களுக்கு ஒரு பிரிவு. மலேசியத் தமிழ்ச் சிறுகதை எப்படி மாறி வந்தது என்று பார்க்க நினைப்பவர் இந்தத் தொகுப்புகளை வரிசையாகப் படித்தாலே போதும். முதலில் தோட்டத்துக் கதைகள் நிறைய வரும், பிறகு தோட்டம் துண்டாடப்பட்டுப் புறம்போக்குக் குடியிருப்பு, அப்புறம் அடுக்குமாடி, கடைசியில் கைப்பேசி. எல்லாக் கதையும் நல்ல கதை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்டடம் எதுவும் இல்லாமல், ஆண்டுக்கு ஆண்டு மாணவர் கைமாறியே தொடர்ந்து வரும் வழக்கம் இது. வளாகத்து மரபு என்று சொல்லிக்கொள்ளும் பலவற்றைவிட இதற்கு உயிர் அதிகம்.

மாணவர்கள் மேடை போட்டுப் பேசிய இடம் ஒன்று இருந்ததாமே?

சூடுட் பிடாத்தோ, அதாவது பேச்சாளர் முனை. 1960களில் மாணவர் சங்கம் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் ஏறலாம், எதைப் பற்றியும் பேசலாம். சுற்றி நிற்கும் கூட்டம் கைதட்டும் அல்லது கிண்டலடித்து இறக்கிவிடும். 1967இல் தெலுக் கோங் நிலமற்றவர்கள் பிரச்சினையில் மாணவர்கள் குரல் கொடுத்தார்கள். 1969 பொதுத் தேர்தலின்போது மாணவர் சங்கம் சொந்தமாக ஓர் அறிக்கையே வெளியிட்டு ஊர் ஊராகக் கூட்டம் போட்டது. இன்றைய பிரதமர் அன்வார் இப்ராகிம் மாணவர் தலைவராக உருவானதும் இந்த வளாகத்தில்தான்.

1971இல் மாணவர் அரசியலைக் கட்டுப்படுத்தும் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது, நாம் ஆக்கு என்று சொல்வோம். 1974இல் ஜொகூரின் தாசேக் உத்தாரா குடியிருப்பாளர்களுக்காகவும், பாலிங்கில் ரப்பர் விலை வீழ்ந்து வாடிய சிறுதோட்டக்காரர்களுக்காகவும் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். டிசம்பரில் கோலாலம்பூரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். மறு ஆண்டே சட்டத்தைத் திருத்தி இறுக்கினார்கள். சங்கத்தின் பணமும் பலமும் போயின, பேச்சாளர் முனையும் அடங்கியது. மாணவர் வளாகத்துக்குள் அரசியலில் ஈடுபடலாம் என்ற திருத்தம் 2018 டிசம்பரில்தான் வந்தது. இடையில் கிட்டத்தட்ட இரண்டு தலைமுறை வாயைத் திறக்காமல் பட்டம் வாங்கிக்கொண்டு போனது.

பழைய மாணவர்கள் அந்தக் காலத்தைக் கொஞ்சம் மெருகேற்றித்தான் சொல்வார்கள். அதைக் கழித்துவிட்டுக் கேட்டாலும் கேட்கத் தகுந்த கதை இது.

வளாகத்தை ஒட்டிய பெரிய ஆஸ்பத்திரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததா?

ஆமாம். பெயர்ப் பலகையில் பிபியூஎம் என்றிருக்கும், வயதானவர்கள் இன்னமும் 'யூனிவர்சிட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். சிங்கப்பூர் பிரிந்த பிறகு கோலாலம்பூரில் மருத்துவப் புலத்தைப் புதிதாகத்தான் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. 1960களின் தொடக்கத்தில் அதை ஏற்றுச் செய்தவர் முதல் புலத் தலைவர் தம்பு ஜான் தனராஜ், இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்ட மருத்துவர். பாடத்திட்டம், ஆட்கள், ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றையும் ஒன்றாகத் திட்டமிட்டார். மருத்துவ நூலகத்துக்கு அவர் பெயர்தான். மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளிடம் 'தனராஜ் யார்?' என்று கேட்டால், 'லைப்ரரி' என்று பதில் வருவது வாடிக்கையாகிவிட்டது.

1999இல் பன்றிப் பண்ணைகளில் பரவி நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற நோய்க்குக் காரணமான கிருமியைப் பிரித்துக் காட்டியதும் இங்குள்ள நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடம்தான். சுவா காவ் பிங் என்ற மருத்துவர் அதைக் கண்டார். அதுவரை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவை விரட்டிக்கொண்டிருந்தார்கள். நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது நிப்பா ஆயிற்று. கேரளத்தில் நிப்பா என்று செய்தி வரும்போதெல்லாம் இந்த வளாகத்தையும் நினைத்துக்கொள்ளலாம்.

ஏரிக்கரையில் உட்காரலாமா?

தாசேக் வார்சிட்டியில் தாராளமாக உட்காரலாம். படகு, காதல், பரீட்சைக்கு முந்தின நாள் படிப்பு எல்லாம் அங்கே உண்டு. நடுவில் தண்ணீர் கெட்டுப்போய் நாறிய காலமும் இருந்தது. விரிவுரையாளர்களும் மாணவர்களும் வாட்டர் வாரியர்ஸ் என்ற குழு அமைத்து, ஏரியையும் வளாகத்தின் வழியே ஓடும் பந்தாய் ஆற்றையும் சீர்ப்படுத்த இறங்கினார்கள்.

ரிம்பா இல்மு, ஆசியக் கலை அருங்காட்சியகம் - இரண்டில் எதற்குப் போகலாம்?

காலையில் வந்தால் ரிம்பா இல்மு. 1974இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, சுமார் 80 ஹெக்டேர். அலங்காரப் பூந்தோட்டத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். மருந்துச் செடி, பனை வகை, பிரம்பு, பெரணி, காட்டுப் பழமரங்கள் என்று மழைக்காட்டுத் தன்மையோடு விட்டிருக்கிறார்கள். கொசு மருந்து தடவிக்கொள்ளுங்கள். பாட்டி கைவைத்தியத்தில் சொன்ன செடியை இங்கே பெயர்ப் பலகையோடு பார்க்கும் சந்தோஷம் தனி.

வெயில் ஏறிவிட்டால் அருங்காட்சியகம். இதுவும் 1974இல்தான் வந்தது. இங்கே விசேஷம் கெண்டிகள். கைப்பிடி கிடையாது, கழுத்தைப் பிடித்துத் தூக்கி, பக்கவாட்டில் துருத்தும் மூக்கின் வழியே வாயில் படாமல் ஊற்றிக் குடிக்க வேண்டும். தாய்லாந்து, வியட்நாம், சீனம், ஜப்பான் என்று பல நாட்டுக் கெண்டிகள் வரிசையாக இருக்கின்றன. யானை வடிவத்திலும் உண்டு. அண்ணாந்து தண்ணீர் குடித்துப் பழகிய நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

உங்கு அஜிஸ் பெயர் ஏன் எங்கே பார்த்தாலும் வருகிறது?

1968 முதல் 1988 வரை இருபது ஆண்டு துணைவேந்தர். பொருளியல் அறிஞர். மேலே சொன்ன பூங்காவும் அருங்காட்சியகமும் அவர் காலத்தவை. கிராமத்து வறுமையை அளக்க, வீட்டில் ஆளுக்கு எத்தனை சாரோங் (கைலி) இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர். புள்ளிவிவரத்தில் ஒளிந்துகொள்ளும் ஏழையைக் கொடியில் காயும் துணி காட்டிக்கொடுத்துவிடும் என்பது அதன் தர்க்கம். 2020இல் காலமானார். பதினோராவது தங்கும் விடுதி அவர் பெயரில் இருக்கிறது. அவருக்கு முன்பு 1965 வரை துணைவேந்தராக இருந்த அலெக்சாண்டர் ஓப்பன்ஹைம் கணித மேதை. கணிதத்தில் அவர் பெயரில் ஒரு புகழ்பெற்ற கருதுகோளே உண்டு, ஆனால் வளாகத்தில் அவர் பேச்சு அதிகம் அடிபடுவதில்லை.

விடுதிகளை ஏன் எண்ணால் சொல்கிறார்கள்?

எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. முதலாவது ஆஸ்டார், ஐந்தாவது தயாசாரி, ஏழாவது ஸாபா, எட்டாவது கினபாலு, இப்படி வரிசையாகப் போகும். ஆனால் "நீ எத்தனாவது?" என்று கேட்பதுதான் வழக்கம். ஐம்பது வயதில் கல்யாண வீட்டில் சந்தித்துக்கொண்டாலும் அதே கேள்விதான். "ஏழாவதா? அப்போ இன்னாரைத் தெரியுமே" என்று உறவு தொடங்கிவிடும்.

மூத்த மாணவர்கள் பகடிவதை செய்வார்களா?

முன்பு நிறைய இருந்தது. அதில் மரபு என்று பெருமைப்பட எதுவும் இல்லை. இப்போது அறிமுக வாரத்தை நிர்வாகமே நடத்துகிறது. தூக்கம் குறையும், கோஷம் போட்டுத் தொண்டை கட்டும், அவ்வளவுதான். யாராவது எல்லை மீறினால் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம், விடுதிப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

பேய் உண்டா?

எல்லா விடுதியிலும் மூன்றாவது மாடியில் ஒன்று உண்டு, மூத்தவர்களைக் கேளுங்கள். பரீட்சை நெருங்கும்போது காணாமல் போய்விடும்.

பட்டமளிப்பு விழா எப்படி இருக்கும்?

உள்ளே எல்லாம் முறைப்படி. செங்கோல் போன்ற சோக்மார் முன்னே வரும், அங்கியணிந்த பேராசிரியர்கள் ஊர்வலமாக வருவார்கள், மேடையில் வேந்தர் அல்லது இணைவேந்தர். 2014 முதல் பேராக் சுல்தான் நஸ்ரின் ஷா வேந்தர். உங்கள் பிள்ளையின் பெயரைப் படித்து முடிப்பதற்குள் பிள்ளை மேடையைவிட்டு இறங்கியிருக்கும், கைப்பேசியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது வெளியே நடப்பது. பூங்கொத்தும் கரடி பொம்மையும் விற்கும் கடைகள், குடும்பம் குடும்பமாகப் படம் எடுப்பவர்கள். பட்டுச் சேலை வியர்வையில் ஒட்ட, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா நிற்பார். அங்கியைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டு, தொப்பியையும் வைத்து ஒரு படம் எடுப்பார்கள். அவர் முதலில் கூச்சப்பட்டு வேண்டாம் என்பார், அப்புறம் எல்லாரையும்விட நிமிர்ந்து நிற்பார். இந்த அங்கி மாற்றும் படத்தை யார் தொடங்கிவைத்தார்களோ, எங்கள் காலத்திலேயே நம் குடும்பங்களில் கட்டாயச் சடங்காகிவிட்டது.

பினாங்கில் இருப்பதும் இதன் கிளையா?

இல்லை. பினாங்கின் யூஎஸ்எம் 1969இல் தனியாகத் தொடங்கிய பல்கலைக்கழகம். மின்டனில் முன்பு ராணுவ முகாம் இருந்த இடத்தில் வளாகம் இருக்கிறது. அதைப் பற்றி அங்கே படித்தவர் யாராவது எழுதுவதுதான் முறை.

ஒரே நாள்தான் இருக்கிறது. எப்படிச் சுற்றுவது?

கிளானா ஜெயா தடத்தில் யூனிவர்சிட்டி எல்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, வளாகத்துக்குள் போகும் பேருந்தைப் பிடியுங்கள். நிலையத்திலிருந்து நடந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மேடும் பள்ளமுமாக நீளமான வழி. வெயில் ஏறுமுன் ரிம்பா இல்மு. அங்கிருந்து டிடிசி, ஏரி. மத்தியானம் அருங்காட்சியகம். வார இறுதியிலும் விடுமுறையிலும் இவை மூடியிருக்கலாம், கிளம்பும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

நூலகத்துக்குள் போக வெளியாட்கள் அனுமதி வாங்க வேண்டும், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். தமிழ்ப் புத்தகம் எங்கே என்று முகப்பிலேயே கேளுங்கள், காட்டுவார்கள். நேரம் மிச்சமிருந்தால் சாப்பாட்டுக்குப் பங்சாருக்கோ பிரிக்பீல்ட்ஸுக்கோ போய்விடுங்கள். வாழையிலைச் சாப்பாடு அங்கே நன்றாகவே கிடைக்கும். வளாக உணவகங்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.